ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு எத்தனை மைல்

போன மாதம் எங்கள் வீட்டில் பிக்கப்பை விற்றுவிடுவது என்று முடிவானது. தோட்டத்துச் சாமான்களை ஏற்றி இறக்க என் கணவரால் இனி முடியாது. எரிபொருள் விற்கிற விலையில், இரண்டு பேர் கோயிலுக்குப் போய்வர அவ்வளவு பெரிய வண்டி எதற்கென்று பிள்ளைகளும் கேட்டார்கள். இப்போது பின்னேரங்களில் அவர் கைபேசியில் பழைய கார்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆட்களோடு கதைத்தால் ஒரே கேள்விதான். லீற்றருக்கு எத்தனை ஓடும்?

நான் ஒன்றும் சொல்வதில்லை. அந்தக் காரை முன்பு யார் வைத்திருந்தார்கள், அது எங்கே எங்கே ஓடியது என்றும் கேளுங்கோ என்று சொல்ல வாய் வரும். சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தை உங்களுக்குச் சொல்கிறேன். உங்களில் பலர் என் வயதுக்காரர். பொருட்கள் ஒன்றும் உள்ளே வராத அந்தத் தடைக்காலத்தில் இங்கே வளர்ந்தவர்கள், மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுக்குப் பின்னால் இருமிக்கொண்டே சைக்கிள் மிதித்தவர்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட பிறகும் அந்தப் புகை மூக்கைவிட்டுப் போகவில்லை என்றால் நீங்கள் நம்புவீர்கள்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. உரும்பிராயில் எங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே ஒரு பேக்கரி இருந்தது. விறகு எரித்துப் பாண் சுடும் போறணை, மா குழைக்கும் நீள மேசை, சுவரெல்லாம் வெள்ளை படிந்த ஒரு அறை. அம்மா மா குழைப்பார், அப்பா சுடுவார். விடிந்து வரும்போது அப்பா பிக்கப்பில் பாணை அடுக்கி, மேலே தறப்பாளை இழுத்துக் கட்டிக்கொண்டு நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர் என்று போவார். கடைகளுக்குக் கொடுத்த பிறகு வீடுகளுக்கு இடையே போகும் ஒழுங்கைகளுக்குள் இறங்குவார். அந்தப் பிக்கப்பின் ஹோர்ன் கன்றைத் தேடும் பசு கத்துவதுபோல் இருக்கும். இரண்டு தரம் அடித்தால் போதும், பெண்கள் ஈரக் கையோடு வாசல் படலைக்கு வருவார்கள்.

பிறகு டீசல் இல்லாமல் போனது. கொஞ்ச நாள் அங்கே இங்கே ஒளித்து விற்றார்கள், பிறகு அதுவும் இல்லை. அப்பா பிக்கப்பைக் கற்களின் மேல் ஏற்றி, கிடுகால் மூடிவிட்டார். சைக்கிளில் பெட்டி கட்டிப் பார்த்தார். மாரி தொடங்கப் போகிறது, ஒரு மழைக்குப் பாண் முழுக்கக் கஞ்சி ஆகிவிடும் என்று அம்மா சொன்னார்.

அந்த நாட்களில் ஊரெல்லாம் பழைய இங்கிலாந்துக் கார்கள் உயிர் பெற்று வந்துகொண்டிருந்தன. ஜப்பான் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடாது. எங்கள் தாத்தாமார் காலத்துக் கார்கள் ஓடும். எஞ்சின் மூடியைத் திறந்து நாலைந்து சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பினால் போதும், அதன் பிறகு மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு போகும். அதனால் கோழி அடைந்துகொண்டிருந்த கார்களை எல்லாம் ஆட்கள் கழுவி விற்கத் தொடங்கினார்கள். பிக்கப்புக்குப் பதிலாக அப்படி ஒன்று எடுப்பதென்று அப்பா தீர்மானித்தார்.

அப்பா கணக்கான மனிதர். கார் எந்த நிறம், எந்த வயது என்று அவருக்குக் கவலை இல்லை. சரியாக ஒரு போத்தல் மண்ணெண்ணெயைச் சைக்கிளில் கொண்டுபோவார். அதைக் காரில் விட்டு, முடியும்வரை ஓடிப் பார்ப்பார். மைல்கற்களை எண்ணுவது என் வேலை. இடம்பெயர்ந்து வந்த இன்னொரு பள்ளிக்கூடம் எங்கள் கட்டடத்தில் காலையில் நடந்ததால் எங்களுக்குப் பின்னேரம்தான் வகுப்பு. என் அண்ணைக்கு உயர்தரப் பரீட்சை, ரியூசன். ஆகவே சைக்கிளின் பின்னால் இருந்து போனவள் நான்.

முதல் கார் வட்டுக்கோட்டையில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடையது. நீலம். வயல் ஓரத்து றோட்டில் அப்பா ஓட்டிப் பார்க்க, ஐந்தாவது கல்லுக்கு முன்னமே நின்றுவிட்டது. வாத்தியார் கூடவே வந்தவர், இறங்கித் தள்ளும்போது காரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ சொல்லிக்கொண்டே தள்ளினார்.

இரண்டாவது, வெளிநாடு போய்விட்ட குடும்பத்தின் கார். வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் கராச்சைத் திறந்து காட்டினார். பின் இருக்கையில் ஒரு குழந்தையின் ஒற்றைச் சப்பாத்து கிடந்தது. அதை எடுக்க அவர் விடவில்லை. "நான் வெள்ளிக்கிழமையிலை கொஞ்ச நேரம் உள்ளுக்கை இருக்கிறனான். ஆள் இல்லாமல் விட்டா கார் வேறை மாதிரிப் போடும்" என்றார். எப்படிப் போகும் என்று அப்பா கேட்கவில்லை. அந்தக் காரும் ஆறு கல்லுக்கு மேல் போகவில்லை.

மூன்றாவது கார் வடமராட்சியில், கடற்கரை ஊர் ஒன்றில் இருந்தது. அதன் சொந்தக்காரர் வாடகைக்குக் கார் ஓட்டியவர், கடலோடிக் குடும்பம். நாற்பது வயதுகூட இருக்காது, திடமான தோள். கார் சாம்பல் நிறம். முன்பக்க மட்காட் ஒன்று மட்டும் வேறு காரில் இருந்து கழற்றிப் போட்டது, கறுப்பு. கிளப்பியதும் மூன்று தரம் இருமி, ஒரு நீள இழுப்பு இழுத்து, பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

நான் எண்ணிக்கொண்டே போனேன். ஏழு, எட்டு, ஒன்பது. பதினோராவது கல்லும் தாண்டிவிட்டது. அப்பா வாய்விட்டுச் சிரித்ததை அந்த வருடத்தில் அன்றுதான் பார்த்தேன்.

"உது கிடந்த கார் இல்லை அண்ணை. ஒவ்வொரு நாளும் ஓடின கார். அதுதான் எஞ்சின் உப்பிடிக் கிடக்கு" என்றார் அவர்.

"பிறகேன் விக்கிறியள்?"

"எனக்கு இனி ஏலாது."

அவருக்கு முதுகு வருத்தம் என்று அப்பா எடுத்துக்கொண்டார். நீண்ட நேரம் ஸ்ரேறிங் பிடிப்பவர்களுக்கு அப்படி வரும் என்று திரும்பி வரும்போது எனக்கு விளக்கமும் சொன்னார்.

காரை எடுக்கப் போனபோது அவர் அப்பாவிடம், "எந்தப் பக்கம் ஓடப் போறியள்?" என்று கேட்டார்.

"நீர்வேலி, புத்தூர்ப் பக்கம். பாண் குடுக்கிறதுக்கு."

அவர் அந்தக் கறுப்பு மட்காட்டைக் கையால் தடவினார். பிறகு, "நிறத்தை மாத்திப்போட்டு ஓடுங்கோ அண்ணை" என்றார்.

"பாண் காருக்கு என்னத்துக்கு நிறம்?" என்று அப்பா சிரித்தார்.

அவருடைய மனைவி அதுவரை வெளியே வரவில்லை. கார் படலையைத் தாண்டியதும் நான் பின் கண்ணாடியால் பார்த்தேன். அந்தப் பெண் வாளியோடு ஓடி வந்து, கார் நின்ற இடத்தில் தண்ணீரை ஊற்றி, படலைவரை கூட்டிக் கழுவினார். செத்த வீட்டில் பிரேதம் வெளிக்கிட்ட பிறகு அப்படிக் கழுவுவதை நான் கண்டிருக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். அவரும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "துப்புரவான மனுசி" என்றார்.

முதல் நாள் காலை நல்ல பனி. பாண் பெட்டிகள் பின் இருக்கையிலும் என் மடியிலும். நீர்வேலி வாழைத் தோட்டங்களைக் கடக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சிறுப்பிட்டிக்குள் நுழைந்த பிறகுதான் எனக்கு அந்தச் சத்தம், சரியாகச் சொன்னால் சத்தம் இல்லாமை, காதில் பட்டது. விடிகாலையில் எங்கள் ஊர்களில் எல்லா முற்றத்திலும் ஈர்க்குமாறு கூட்டும் சத்தம் கேட்கும். நாங்கள் ஒரு வீட்டை நெருங்க அந்த வீட்டில் அது நிற்கும். கடந்து போனதும் பின்னால் திரும்பத் தொடங்கும். வீடு வீடாக, எங்களுக்கு முன்னால் ஓய்ந்து, எங்களுக்குப் பின்னால் உயிர்த்து. வேலிக் கதியால்களுக்கு இடையே பெண்கள் குனிந்தபடியே, கூட்டுமாறு நிலத்தில் படாமல், அசையாமல் நின்றார்கள்.

அப்பா இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். ஒருவரும் வரவில்லை. ஒரு வீட்டில் கதவு மூடும் சத்தம் கேட்டது.

கடைக்காரர்கள் பாண் வாங்கினார்கள். ஒழுங்கைகளில்தான் ஒன்றும் விற்கவில்லை. நாலைந்து நாள் இப்படியே போனது. பாணில் மண்ணெண்ணெய் மணக்கிறது என்று அப்பா நினைத்தார். பெட்டிக்குள் வாழையிலை விரித்தார். மண்ணெண்ணெய்க் கானை முன்பக்கம் மாற்றினார். ஒரு றாத்தல் பாணை எடுத்து அம்மாவின் முகத்துக்கு முன் பிடித்து, "மணக்குதோ பாரும்" என்றார். அம்மா மணந்துவிட்டு, "பாண்தான் மணக்குது" என்றார். எஞ்சிய பாணை வெயிலில் காயவைத்து றஸ்க் ஆக்கினோம். வீடு முழுக்க றஸ்க்.

அடுத்தது நான் இதுவரை வீட்டில் ஒருவருக்கும் சொல்லாதது.

ஒரு காலை புத்தூரில், ஒழுங்கை முகப்பில் இருந்த தேத்தண்ணிக் கடைக்குப் பாண் கொடுக்க அப்பா இறங்கினார். நான் காருக்குள் இருந்தேன். என்னைவிடச் சின்னவள் ஒருத்தி, ஏழு வயது இருக்கும், ஒழுங்கையால் வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பாண் பெட்டிகளை அவள் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"இண்டைக்கு ஆற்றை வீட்டை?" என்று கேட்டாள்.

யாருடைய வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்கிறாள். ஒரு வாரமாக ஒருவரும் எங்களிடம் கதைக்காத இடத்தில் ஒரு பிள்ளை வந்து கேட்கிறதே என்று எனக்குச் சந்தோசப் புளுகம். "எல்லாற்றை வீட்டையுந்தான்" என்றேன்.

அவள் கையை எடுத்துவிட்டு ஓடினாள்.

அப்பா வந்து காரைக் கிளப்பி ஒழுங்கைக்குள் விட்டார். பாதித் தூரம் போயிருப்போம். ஒரு வீட்டில் இருந்து ஒப்பாரி எழுந்தது. உடனே எதிர்ப்பக்க வீட்டில் இன்னொன்று. பிறகு அதற்கு அடுத்த வீடு. கார் மெல்லப் போகப் போக, அழுகை எங்களோடு சேர்ந்து ஒழுங்கையின் உள்ளே போனது.

"ஆரோ செத்துப்போட்டினம் போலை கிடக்கு" என்றார் அப்பா. "பாண்காரன் எண்டாலும் விசாரிக்காமல் போறது சரியில்லை." காரை ஒரு படலையடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

எஞ்சின் நின்ற அந்தக் கணம் எல்லா வீட்டிலும் அழுகை நின்றது. அந்த அமைதியை நான் பிறகு எங்கேயும் கேட்டதில்லை. ஒரு ஒழுங்கை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு, அப்பாவின் கை எந்தப் படலையில் படப்போகிறது என்று காது கொடுத்துக்கொண்டிருந்தது.

அப்பா படலையைத் திறந்து உள்ளே போனார். நான் பின்னால் போனேன். முற்றத்தில் ஒரு பெண் நிலத்தில் இருந்தார். அம்மாவின் வயது. தலை குளித்து, ஈரம் காயாத கூந்தல்.

"சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றார். "சும்மா நிண்டுகொண்டு நிக்காதேங்கோ."

"என்ன தங்கச்சி?"

"எந்த இடத்திலை எண்டு மட்டும் சொல்லுங்கோ. மற்றது எனக்கு விளங்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "தங்கச்சி, நான் பாண் கொண்டு வந்தனான்" என்றார்.

அந்தப் பெண் அப்பாவை நெடுநேரம் பார்த்தார். எழும்பி, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "அப்ப ஒரு றாத்தல் தாங்கோ" என்றார், தினமும் வாங்குகிறவர்போல, சாதாரணக் குரலில்.

தேத்தண்ணிக் கடைக்காரர்தான் பிறகு அப்பாவைக் கூப்பிட்டு மர வாங்கில் இருத்தினார். "உந்தக் காரை எங்கை எடுத்தனீங்கள் அண்ணை?" என்று கேட்டார். அப்பா சொன்னார்.

"இயக்கத்துக்குப் போன பிள்ளையள் செத்தா வீட்டுக்காரருக்குச் சொல்ல வருவினமல்லோ. ரண்டு வரியமா இந்தப் பக்கத்துக்கு உந்தக் காரிலைதான் வந்தவை. கார்க்காரன் பாவம், கூலிக்கு ஓடினவன். ஆனா சனத்துக்கு உந்தச் சத்தம் தெரியும். மூண்டு இருமல், ஒரு இழுவை. நித்திரையிலையும் தெரியும்."

அப்பா தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. வரும் வழி முழுக்க மெதுவாகவே ஓட்டினார். அந்தச் சின்னவள் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொல்லிவிடலாம் என்று நாலைந்து தரம் வாயெடுத்தேன். சொல்லவில்லை. அப்பா இறந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது.

வள்ளத்துக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ற் கொஞ்சம் கிடைத்தது. அப்பா காருக்கு அதை அடித்தார். நிறம் மாறியது, இருமல் மாறவில்லை. எஞ்சினோடு என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில் காரை ஒழுங்கைகளுக்குள் விடுவதை நிறுத்தினார். பெரிய றோட்டில் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்து நடந்துபோய் விற்றார். அப்போதும் சனம் பாணை வாங்கும்போது அப்பாவின் தோளுக்கு மேலால் றோட்டைத்தான் பார்த்தது.

இப்படி மூன்று நாள் போயிருக்கும். பெரிய றோட்டில் கார் நிற்கும் இடத்துக்கு, அன்று முற்றத்தில் நிலத்தில் இருந்த அந்தப் பெண் குடையோடு வந்தார். நான் அவரைப் புத்தூர் மாமி என்றே கடைசிவரை கூப்பிட்டேன், அப்படியே சொல்கிறேன். கணவர் முன்னமே தவறிவிட்டார். ஒரே மகன். ஆவணியில் இயக்கத்துக்குப் போனவன், அதன் பிறகு ஒரு கடிதமும் இல்லை.

"அண்ணை, பின்னுக்கு ஒராளுக்கு இடம் இருக்குமோ?" என்று கேட்டார்.

"எங்கை போகவேணும் தங்கச்சி?"

"ஓரிடமும் இல்லை. நீங்கள் போற இடமெல்லாம்."

அப்பாவுக்கு விளங்கவில்லை. மாமி காரின் கூரையில் கையை வைத்தார். மழைத் தண்ணீர் அவருடைய சேலைக்குள் வடிந்தது.

"நான் உதுக்குள்ளை இருந்தா, உது என்ரை வீட்டை வரேலாதல்லோ" என்றார்.

இப்போது நினைத்தால், ஏதாவது ஆறுதல் சொல்லி, இனி இந்தக் கார் அப்படிப்பட்ட கார் இல்லை என்று அப்பா விளக்கியிருக்கலாம். அவர் இறங்கிப் பின் கதவைத் திறந்து, பெட்டிகளை ஒரு பக்கமாகத் தள்ளி, துணியால் இருக்கையைத் துடைத்துவிட்டார்.

அன்றிலிருந்து மாமி ஒவ்வொரு காலையும் ஏறினார். விடிய வந்து ஒழுங்கை முகப்பில் நிற்பார். நாங்கள் மற்ற ஊர்களையும் சுற்றி முடித்துப் பத்து மணியளவில் அதே முகப்பில் அவரை இறக்குவோம். அவருடைய வீடு அங்கிருந்து மூன்றாவது படலை. அந்தப் படலைக்குக் காரை விடச் சொன்னதே இல்லை, நடந்துதான் போவார். மாமி கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டி, "பாண்தான், பாண்தான், பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே வருவார். தங்களில் ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்று கண்டதும் பெண்கள் படலைக்கு வந்தார்கள். நாங்கள் திரும்பவும் ஒழுங்கைகளுக்குள் போனோம். றஸ்க் போடுவது நின்றது. மாமிக்குக் கைராசி என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். "ஆனா அந்த மனுசி ஏறினாப் பிறகு போத்தலுக்கு ஒரு மைல் குறையுது" என்றும் சொன்னார்.

"குறையட்டும்" என்றார் அம்மா.

கார்த்திகையில் ஒரு பின்னேரம் அண்ணை ரியூசன் முடிந்து வீட்டுக்கு வரவில்லை. சைக்கிள் மட்டும் ரியூசன் மதிலில் சாத்தியபடி நனைந்துகொண்டு நின்றது. கொப்பிகள் பின் கரியரிலேயே இருந்தன. எங்கே போயிருப்பார் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அந்த நாட்களில் கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்த நாள் விடிய, அப்பா பெட்டிகளை அடுக்கி முடித்துக் கதவைத் திறந்தபோது அம்மா பின் இருக்கையில் இருந்தார். தலையை இழுத்துக் கட்டி, ஒரு பாண் பெட்டியை மடியில் வைத்திருந்தார்.

"மா ஆர் குழைக்கிறது?" என்று அப்பா கேட்டார்.

"வந்து குழைக்கிறன்."

"இஞ்சை பாருமப்பா..."

"எடுங்கோ காரை" என்றார் அம்மா.

அண்ணைக்கு என்ன ஆனது என்று நீங்கள் யோசிப்பீர்கள். இங்கேயே சொல்லிவிடுகிறேன். வந்தார். அடுத்த வருடம் பங்குனியில், ஒரு காதில் கேட்காமல், மெலிந்துபோய் வந்தார். இப்போது குளிர் நாடொன்றில் இருக்கிறார், பேரப்பிள்ளை காணப் போகிறார். அந்தக் காரை அப்பா மாரி முடியக் கொடுத்துவிட்டார். வாங்க வந்தவரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவர் எஞ்சினை மட்டும் கழற்றித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கக் கொண்டுபோனார். அந்தத் தோட்டத்துப் பக்கம் காலையில் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

ஆனால் இவை எல்லாம் பிறகு. மார்கழி நடுப்பகுதிவரை அந்த இரண்டு பெண்களும் பின் இருக்கையில் ஒன்றாக வந்தார்கள். அதிகம் கதைக்கமாட்டார்கள். ஒருவர் மடியில் ஒரு பெட்டி, மற்றவர் மடியில் ஒரு பெட்டி. மழையில் கண்ணாடி புகைந்திருக்கும். ஆள் வராத படலைகளைக் கடக்கும்போது இரண்டு பேரும் தலையை மற்றப் பக்கம் திருப்புவார்கள், ஒரே நேரத்தில். முன்னால் இருந்த எனக்கு அவர்களுடைய மூச்சு கழுத்தில் படும். காரில் இருந்து இறங்காதவரைக்கும் பயமில்லை என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது ஏதோ தவறு செய்கிறதுபோல் இருக்கும்.

கடைசி நாள் பெட்டிகள் வழமையைவிட வேளைக்கே வெறுமையாகிவிட்டன. மாமியை இறக்கிவிட ஒழுங்கை முகப்பில் அப்பா காரை நிறுத்தினார், எஞ்சினை அணைக்காமல். மாமி கதவைப் பாதி திறந்து, ஒரு காலை வெளியே வைத்தார்.

மூன்றாவது படலையடியில், மாமியின் படலையடியில், ஒரு பெடியன் நின்றான். வெள்ளைச் சேர்ட், நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் சைக்கிள். படலையைத் தட்டிவிட்டு ஆளில்லாமல் காத்துக்கொண்டு நிற்பவன் என்று பார்த்தாலே தெரிந்தது. எங்கள் காரின் சத்தத்துக்கு அவன் திரும்பிப் பார்த்தான்.

மாமி காலை உள்ளே எடுத்தார். கதவைச் சாத்தினார்.

"எடுங்கோ அண்ணை" என்றார்.

"எங்கை தங்கச்சி?"

"நேரை."

அப்பா எடுத்தார். நான் பின்னால் திரும்பினேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அது எங்கள் படலை இல்லை. அந்த நிம்மதி அம்மாவின் முகத்தில் வந்து, தான் வந்துவிட்டது என்று அம்மாவுக்கே தெரிந்து, ஒளிய இடமில்லாமல் நின்றது. அவர் மாமியின் கையைப் பிடிக்கப் போனார். மாமி கோபமில்லாமல் கையை எடுத்து, தன் மடியில் இருந்த வெறும் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டார்.

நாங்கள் கிழக்கே போனோம். வாதரவத்தையைத் தாண்டினால் வீடுகள் குறைந்து, பிறகு வயல், பிறகு நீரேரிக் கரை வெளி. அப்பா மெதுவாக ஓட்டினார். மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்கத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தார். ஒரு வீதி பிரிந்தால் அதற்குள் போய்ச் சுற்றி வந்தார். அவ்வளவு நாளும் எங்களோடு அதிகம் கதைக்காத மாமி அன்று கதைத்துக்கொண்டே வந்தார்.

"உந்த வயல் எங்கடை பகுதியாக்களின்ரை. இந்தமுறை நல்லா வந்திருக்கு."

"ஓம்" என்றார் அப்பா.

"அவனுக்குப் பாணிலை கரைதான் விருப்பம். நடுவைப் பிச்சு எனக்குத் தந்துபோட்டுக் கரையைத் தின்னுவான். நான் ஏசுறனான்."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

நான் இருக்கையில் ஏறி, இரண்டு பேருக்கும் நடுவால் எட்டிப் பின் கண்ணாடியின் புகையைக் கையால் துடைத்தேன். றோட்டில் வெகு தூரத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. சைக்கிள். அது கிட்டவும் வரவில்லை, விட்டுவிடவும் இல்லை. நாங்கள் பக்க வீதிகளுக்குள் சுற்றி வரும்போது அது றோட்டு முடக்கில் காத்து நின்று, பிறகு திரும்பவும் பின்னால் வந்தது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெளியின் நடுவில் கார் இருமியது. அப்பா காலை எடுத்தார், திரும்ப வைத்தார். இன்னொரு தரம் இருமி, நின்றது. மழை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், அதற்குள் வானம். தவளைகூடக் கத்தவில்லை. ஒருவரும் இறங்கவில்லை. அப்பாவின் இரண்டு கைகளும் ஸ்ரேறிங்கிலேயே இருந்தன.

பிறகு ஈர றோட்டில் சைக்கிள் சங்கிலியின் சத்தம் கேட்டது. மெல்ல மெல்லக் கிட்ட வந்தது. மாமிக்கும் கேட்டிருக்கும். அவர் கதைப்பதை நிறுத்தி, கூந்தலை அள்ளி முடிந்தார். கண்ணாடியை இறக்கினார்.

பெடியன் சைக்கிளை அப்படியே நிலத்தில் போட்டுவிட்டு ஜன்னலடிக்கு வந்தான். அண்ணையின் வயதுதான் இருக்கும். இவ்வளவு தூரம் மிதித்து வந்ததில் நெஞ்சு ஏறி இறங்கியது. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான், திரும்பவும் முயன்றான், ஏலவில்லை. நாங்கள் நாலு பேரும் அவனுக்கு மூச்சு வருவதற்காகக் காத்திருந்தோம்.

மாமி ஜன்னலால் கையை நீட்டி அவன் நனைந்த தோளைத் தொட்டார்.

"ஆறுதலா, தம்பி" என்றார். "மூச்சை எடுத்துப்போட்டுச் சொல்லுங்கோ."